தொடக்ககாலப் பேறுகாலக் கவனிப்பும் குறைந்த வருமானப் பெண்கள் எதிர்கொள்ளும் தடைகளும் (இந்தியா)

தொடக்ககாலப் பேறுகாலக் கவனிப்பு என்பது கருவுற்ற பெண் ஒருவர் கருவுற்ற முதல் 12 வாரங்களுக்குள் நலவாழ்வுப் பணியாளரிடம் பதிவு செய்துகொண்டு, முதல் மருத்துவப் பரிசோதனையையும் அறிவுரையையும் பெறுவதைக் குறிக்கும். இந்தியாவில் அரசு மருத்துவ நிலையங்களில் இக்கவனிப்பு கட்டணமின்றி வழங்கப்படுகிறது. எனினும் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த பெண்களில் பலர் நான்காம், ஐந்தாம் மாதத்திலேயே முதன்முறையாக மருத்துவமனைக்கு வருகின்றனர். பணம் மட்டுமே இதற்குக் காரணம் அன்று. கூலி இழப்பு, தொலைவு, ஆவணங்கள், குடும்பத்தில் முடிவெடுக்கும் உரிமை, மருத்துவமனையில் நடத்தப்படும் முறை முதலிய பல காரணங்கள் ஒன்றுசேர்ந்து இத்தாமதத்தை உண்டாக்குகின்றன.

முதல் மூன்று மாதங்களின் சிறப்பு

கருவின் முக்கிய உறுப்புகள் பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களிலேயே உருவாகின்றன. மூளையும் தண்டுவடமும் தோன்றும் நரம்புக் குழாய், கருத்தரித்த ஏறத்தாழ 28 நாட்களில் மூடிக்கொள்கிறது. இது சரிவர மூடாமற் போவதைத் தடுக்க உதவும் ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் அளவில் உட்கொள்ள வேண்டும் என அறிவுறுத்தப்படுகிறது. எனவே இந்த ஒரு நோக்கைப் பொறுத்தவரை 12ஆம் வாரப் பதிவுகூடக் காலம் கடந்ததே ஆகும்.

முதல் வருகையில் பொதுவாக மேற்கொள்ளப்படுபவை:

* கடைசி மாதவிடாய் நாளைக் கொண்டு கருவின் வயதையும் பேறு நாளையும் கணித்தல். தாமதமாக வருவோர் பலருக்கு அந்நாள் நினைவில் இருப்பதில்லை.
* எடை, இரத்த அழுத்தம் ஆகியவற்றை அளத்தல். தொடக்க அளவு இருந்தால்தான் பின்னர் ஏற்படும் உயர்வை அறிய இயலும்.
* குருதி வகை, ஈமோகுளோபின், சர்க்கரை, எச்ஐவி, மேகநோய் (சிபிலிசு) ஆகியவற்றுக்கான சோதனைகள்.
* முந்தைய பேறுகளில் ஏற்பட்ட சிக்கல்கள், கருச்சிதைவு, அறுவைச் சிகிச்சை ஆகியவற்றைக் கேட்டறிதல்.

இரத்தசோகையைப் பொறுத்தவரை காலமே மருந்தின் ஒரு பகுதி எனலாம். இந்தியாவில் கருவுற்ற பெண்கள் 180 நாட்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை உட்கொள்ள வேண்டும். இம்மாத்திரை நான்காம் மாதத்தில் தொடங்கப்படுகிறது. ஆறாம் மாதத்தில் முதன்முறையாக வரும் பெண்ணுக்குப் பேறுகாலத்திற்கு முன் அத்தனை நாட்கள் மிஞ்சுவதில்லை.

வரலாறு

கருவுற்ற காலத்தில் முறையாகப் பரிசோதிக்கும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது. எடின்பரோவைச் சேர்ந்த மருத்துவர் சான் வில்லியம் பாலன்டைன் இதன் முன்னோடிகளுள் ஒருவர். 1929இல் பிரித்தானிய நல அமைச்சு வெளியிட்ட பரிசோதனை அட்டவணை 16ஆம் வாரத்திலிருந்தே தொடங்கியது. முதல் மூன்று மாதங்களின் தேவை பின்னரே உணரப்பட்டது.

உலக சுகாதார அமைப்பு 2002இல் குறைந்தது நான்கு பரிசோதனைகளைப் பரிந்துரைத்தது. 2016இல் அதனை எட்டாக உயர்த்தி, முதலாவது 12 வாரங்களுக்குள் நிகழ வேண்டும் என வரையறுத்தது. இந்தியாவில் 1975இல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், 1992இன் குழந்தை உயிர்பிழைப்பு மற்றும் பாதுகாப்பான தாய்மைத் திட்டம், 2005இன் தேசிய ஊரக நலவாழ்வு இயக்கம் ஆகியவை இக்கவனிப்பைச் சிற்றூர்கள் வரை கொண்டு சென்றன.

இந்தியாவின் நிலை

தேசிய குடும்ப நல ஆய்வின்படி முதல் மூன்று மாதங்களுக்குள் பரிசோதனை பெற்ற தாய்மார்களின் விழுக்காடு 2015-16இல் 58.6 ஆக இருந்து 2019-21இல் 70.0 ஆக உயர்ந்தது. அதே 2019-21 ஆய்வில் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்த பிறப்புகள் 88.6 விழுக்காடு ஆகும். பேறுகாலத்தில் மருத்துவமனைக்கு வரும் பெண்கள் பலர் தொடக்கத்தில் வருவதில்லை என்பதையே இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு காட்டுகிறது. குறைந்தது நான்கு பரிசோதனைகள் பெற்றோர் 58.1 விழுக்காட்டினரும், 180 நாட்கள் இரும்புச்சத்து மாத்திரை உட்கொண்டோர் 26.0 விழுக்காட்டினரும் ஆவர். கருவுற்றிருந்த பெண்களுள் 52.2 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது.

2018-20 காலப்பகுதியில் இந்தியாவின் பேறுகாலத் தாய் இறப்பு விகிதம் ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 97 ஆகும். இது கேரளத்தில் 19 ஆகவும், தமிழ்நாட்டில் 54 ஆகவும், அசாமில் 195 ஆகவும் இருந்தது.

தடைகள்

தாய் இறப்புகளை ஆராய்ந்த ததியசு, மெயின் ஆகிய இருவரும் 1994இல் "மூன்று தாமதங்கள்" என்னும் மாதிரியை முன்வைத்தனர். கவனிப்பை நாட முடிவெடுப்பதில் தாமதம், மருத்துவ நிலையத்தை அடைவதில் தாமதம், அடைந்த பின் தகுந்த கவனிப்பைப் பெறுவதில் தாமதம் என்பன அவை. பேறுகால அவசரநிலைக்காக உருவாக்கப்பட்ட இம்மாதிரி தொடக்ககாலக் கவனிப்புக்கும் பொருந்துகிறது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அவசரநிலையில் வலியும் குருதிப்போக்கும் குடும்பத்தாரை விரையச் செய்கின்றன. முதல் மூன்று மாதங்களில் பெண் நலமாகவே காணப்படுவதால் எவரும் விரைவதில்லை.

அறிதலும் அறிவித்தலும்

பாலூட்டும் காலத்தில் மாதவிடாய் வராத நிலையிலேயே மீண்டும் கருவுறும் பெண்களும், ஊட்டக்குறைவால் மாதவிடாய் ஒழுங்கற்றிருக்கும் பெண்களும் தாம் கருவுற்றிருப்பதைத் தாமதமாகவே உணர்கின்றனர். உணர்ந்த பின்னரும் "முழுகாமல் இருக்கிறாள்" என்னும் செய்தி பிறருக்குச் சொல்லப்படாமல் சில மாதங்கள் காக்கப்படுவதுண்டு. கண்ணேறு குறித்த அச்சமும், கரு நிலைக்குமோ என்னும் ஐயமும் இதற்குக் காரணங்களாகும். ஊரறிய நிகழும் வளைகாப்புச் சடங்கு பெரும்பாலும் ஏழாம் மாதத்தை ஒட்டியே நடைபெறுகிறது. முந்தைய பேறுகள் இடரின்றி முடிந்த பெண்களிடம், தொடக்கப் பரிசோதனை தேவையில்லை என்ற எண்ணமும் உள்ளது.

பணமும் கூலி இழப்பும்

மருத்துவம் இலவசம் என்பதால் செலவே இல்லை என்று பொருளன்று. பேருந்துக் கட்டணம், உடன்வருபவரின் செலவு, வெளியில் எடுக்கச் சொல்லும் மீயொலி வருடல் (ஸ்கேன்) ஆகியவை குடும்பத்தின் கையிருப்பிலிருந்தே செல்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் வருடல் வசதி இல்லாததால், பெண்கள் வட்ட மருத்துவமனைக்கோ தனியார் நிலையத்திற்கோ அனுப்பப்படுகின்றனர்.

இவற்றைவிடப் பெரியது கூலி இழப்பாகும். வேளாண் கூலி, கட்டடப் பணி, பீடி சுற்றுதல், வீட்டு வேலை ஆகியவற்றில் ஈடுபடும் பெண்ணுக்கு விடுப்பு எடுத்த நாளில் வருமானம் இல்லை. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, ஊதியத்துடன் கூடிய விடுப்பு 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தப்பட்டது. ஆனால் முறைசாராத் தொழிலில் உள்ள பெரும்பாலான பெண்களை அது எட்டவில்லை. கருவுற்றது தெரிந்தால் வேலையிலிருந்து நீக்கப்படுவோம் என்ற அச்சத்தால் அதனை மறைப்பவர்களும் உண்டு.

தொலைவும் காத்திருப்பும்

மலைவாழ் மக்கள், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள், தொலைதூரக் குக்கிராமங்களில் வாழ்வோர் ஆகியோருக்கு மருத்துவ நிலையத்தை அடைவதே ஒரு நாள் பணியாகிறது. கருவுற்றோருக்கான பரிசோதனை பல நிலையங்களில் கிழமையில் குறிப்பிட்ட நாளில் மட்டும் நடைபெறுகிறது. அன்று கூட்டம் மிகுதியாக இருக்கும். குருதி எடுக்க ஒரு வரிசை, மருத்துவரைக் காண ஒரு வரிசை, மாத்திரை பெற ஒரு வரிசை எனக் காலை முழுதும் கழிகிறது. முடிவுகளை வாங்க மற்றொரு நாள் வரச் சொல்லப்பட்டால், இன்னொரு நாள் கூலியும் இழப்பாகிறது.

ஆவணங்கள்

உதவித்தொகை பெற ஆதார் எண்ணும் பெண்ணின் பெயரில் வங்கிக் கணக்கும் தேவைப்படுகின்றன. புதிதாகத் திருமணமான பெண்ணின் ஆவணங்களில் பிறந்த வீட்டு முகவரியே இருக்கும். அதனை மாற்றும் வரை பதிவைத் தள்ளிப்போடும் குடும்பங்களும் உள்ளன. பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டத்தில் தொடக்கத்தில் கணவரின் ஆதார் எண்ணும் கோரப்பட்டது. கணவரால் கைவிடப்பட்ட பெண்களுக்கும் தனித்து வாழும் பெண்களுக்கும் இது தடையாக அமைந்தது. பரிசோதனை பெறுவதற்கு ஆவணம் கட்டாயமில்லை என்பது பல பெண்களுக்குத் தெரிவதில்லை.

குடும்பத்தில் முடிவெடுக்கும் உரிமை

இளம் மருமகள் தனியே மருத்துவமனைக்குச் செல்வதைக் கணவரோ மாமியாரோ தீர்மானிக்கும் நிலை பல குடும்பங்களில் காணப்படுகிறது. செலவுக்கான பணமும் அவர்களிடமே இருக்கும். மாமியாரின் காலத்தில் இத்தகைய பரிசோதனைகள் இல்லாமலேயே பிள்ளைகள் பிறந்தமையால், அவை தேவையற்றவை எனக் கருதப்படுவதும் உண்டு. மூத்த குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமையும் பெண்ணை வீட்டில் நிறுத்திவிடுகிறது.

நடத்தப்படும் முறை

கடிந்துபேசும் பணியாளர், பலர் முன்னிலையில் கேட்கப்படும் அந்தரங்கக் கேள்விகள், மறைப்பின்றிச் செய்யப்படும் பரிசோதனை, சாதி அல்லது மொழி காரணமான ஒதுக்கல் ஆகியவற்றை ஒருமுறை சந்தித்த பெண் அடுத்த கருவுறுதலில் தாமதமாகவே வருகிறார். இரு குழந்தைகளுக்கு மேல் உள்ள பெண்கள், "இதுவும் வேண்டுமா" என்ற கண்டிப்புக்கும் கருத்தடைக்கான வற்புறுத்தலுக்கும் அஞ்சி வருகையைத் தவிர்க்கின்றனர்.

இடம்பெயரும் தொழிலாளர்

செங்கற்சூளை, கரும்பு வெட்டுதல், கட்டடப் பணி ஆகியவற்றுக்காகக் குடும்பத்துடன் இடம்பெயரும் பெண்கள் எந்த ஊர்ச் செவிலியரின் பதிவேட்டிலும் இடம்பெறாமற் போகின்றனர். சொந்த ஊரில் அவர்கள் இல்லை; வேலை செய்யும் ஊரில் அவர்கள் குடியிருப்போராகக் கணக்கிடப்படுவதில்லை. மொழி தெரியாமை இச்சிக்கலை மேலும் பெருக்குகிறது.

பதின்வயதினரும் மணமாகாதோரும்

2012ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின்படி, 18 வயதுக்குட்பட்டவர் கருவுற்றிருப்பதை அறியும் மருத்துவர் அதனைக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். குழந்தைகளைக் காக்கவே இவ்விதி ஏற்படுத்தப்பட்டது. ஆயினும் வழக்குக்கு அஞ்சும் குடும்பங்கள் கருவுற்ற சிறுமியை மருத்துவமனைக்கு அழைத்துவராமல் மறைக்கின்றன. 2022 செப்டம்பர் 29 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், கருக்கலைப்பு நாடும் சிறுமியும் அவரது காப்பாளரும் கேட்டுக்கொண்டால், அவரது அடையாளத்தை அவ்வறிக்கையில் வெளியிட வேண்டியதில்லை எனத் தீர்ப்பளித்தது.

உதவித் திட்டங்களும் அவற்றின் எல்லைகளும்

* சனனி சுரக்சா திட்டம் (2005) - மருத்துவ நிலையத்தில் குழந்தை பெறும் ஏழைப் பெண்களுக்கு ரொக்க உதவி. இதன் முதன்மை நோக்கம் பேறுகாலமே, தொடக்ககாலம் அன்று.
* சனனி சிசு சுரக்சா திட்டம் (2011) - அரசு நிலையங்களில் கட்டணமற்ற மருந்து, சோதனை, உணவு, ஊர்தி.
* பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டம் (2016) - ஒவ்வொரு மாதமும் 9ஆம் நாள் சிறப்புப் பரிசோதனை. இது இரண்டாம், மூன்றாம் மும்மாதங்களில் உள்ளோருக்கானது.
* பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டம் (2017) - முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய். 2022 முதல் இரண்டாவது குழந்தை பெண்ணாயின் 6,000 ரூபாய்.
* டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் (தமிழ்நாடு) - 1980களின் இறுதியில் 300 ரூபாயுடன் தொடங்கி, 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் உட்பட 18,000 ரூபாய் என உயர்த்தப்பட்டது. 2018இன் ஏற்பாட்டில் முதல் தவணையான 2,000 ரூபாய், 12 வாரங்களுக்குள் பதிவு செய்வதோடு இணைக்கப்பட்டது.

இவற்றுள் பலவற்றில் பயனாளி 19 வயது நிறைந்தவராக இருத்தல் வேண்டும். முதல் குழந்தை அல்லது முதல் இரு பேறுகள் என்ற வரம்பும் உண்டு. பதின்வயதில் கருவுற்றவர்களும் பல பேறுகளைக் கண்டவர்களும் மருத்துவ நோக்கில் கூடுதல் இடர் உடையவர்கள். அவர்களே இவ்வரம்புகளால் விலக்கப்படுவது குறையாகச் சுட்டப்படுகிறது. சனனி சுரக்சா திட்டத்தில் இருந்த இத்தகைய வரம்புகள் 2013இல் நீக்கப்பட்டன. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் (2013), ஏற்கெனவே இதையொத்த பயன் பெறும் அரசு ஊழியர் போன்றோர் நீங்கலாக, அனைத்துக் கருவுற்ற பெண்களுக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாத உதவியை உரிமையாக்கியுள்ளது என்பதும் இங்கு நோக்கத்தக்கது.

தொடக்கப் பதிவுடன் பணத்தை இணைப்பதிலும் இருவேறு கருத்துகள் உள்ளன. இது பெண்களை விரைந்து வரத் தூண்டுகிறது என்பர் ஒரு சாரார். ஏற்கெனவே எளிதில் வரக்கூடியோருக்கே அப்பணம் சேர்கிறது. மேற்கூறிய தடைகளால் தாமதமாக வரும் பெண் கவனிப்பையும் இழந்து பணத்தையும் இழக்கிறார் என்பர் மறுசாரார்.

பிற நாடுகளில்

இலங்கையில் 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டதிலிருந்து, மருத்துவிச்சிகள் வீடு தேடிச் செல்லும் முறை வளர்ந்தது. அவர்கள் தம் பகுதியில் குழந்தை பெறும் வயதுடைய தம்பதியரின் பதிவேட்டை வைத்திருப்பதால், கருவுறுதலைத் தொடக்கத்திலேயே அறிய முடிகிறது.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் தடையின் தன்மை வேறு. அங்கு காப்பீடு இல்லாமையே முதன்மைத் தடையாக இருந்தது. 1989இல் இயற்றப்பட்ட சட்டம், வறுமைக் கோட்டின் 133 விழுக்காடு வரை வருமானமுள்ள கருவுற்ற பெண்களை மெடிக்கெய்டு திட்டத்தில் சேர்ப்பதை மாநிலங்களுக்குக் கட்டாயமாக்கியது. ஆயினும் கருவுற்ற பின்னரே பலர் விண்ணப்பிப்பதால், ஒப்புதல் கிடைக்கும் வரை வாரங்கள் கழிகின்றன. இதனைத் தவிர்க்க, விண்ணப்பம் ஆய்வில் இருக்கும்போதே தற்காலிகத் தகுதி வழங்கும் முறை சில மாநிலங்களில் பின்பற்றப்படுகிறது.

தடைகளைக் குறைக்கும் வழிகள்

* ஆஷா பணியாளர், கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர் ஆகியோர் வீடுகளுக்குச் சென்று, நாள் தள்ளிப்போன பெண்களுக்குச் சிறுநீர்ச் சோதனை அட்டைகளை வழங்குதல்.
* குருதிச் சோதனை, பரிசோதனை, மாத்திரை ஆகிய அனைத்தையும் ஒரே வருகையில் முடித்தல்.
* மாலை நேரத்திலும், வேலைத் தளங்களுக்கு அருகிலும் பரிசோதனை நடத்துதல்.
* ஆவணங்களைப் பின்னர் பெற்றுக்கொண்டு, கவனிப்பை முதலில் தொடங்குதல்.
* தாய் சேய் நல அட்டையும் பதிவு எண்ணும் எந்த மாநிலத்திலும் ஏற்கப்படுதல்.
* கணவரையும் மாமியாரையும் அறிவுரையில் சேர்த்துக்கொள்ளுதல்.
* தாமதமாக வருவோரைக் கடியாமல், எஞ்சிய காலத்திற்குரிய கவனிப்பை முழுமையாக அளித்தல்.

இவற்றையும் பார்க்கவும்

* பேறுகாலத் தாய் இறப்பு
* இரத்தசோகை
* ஃபோலிக் அமிலம்
* கிராம சுகாதார செவிலியர்
* முத்துலட்சுமி ரெட்டி