ஆரணியின் 87 காசு

பௌர்ணமி வந்தால் திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்கக் கடைதான். சுண்டல், சுக்குக் காபி, ருத்திராட்சம், செருப்பு எல்லாம் அங்கே உண்டு. இருந்தாலும், சிறு தொழில் ஓர் ஊரை எப்படித் தூக்கி நிறுத்துகிறது என்று பொருளியல் அறிஞர்கள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தது, வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கும் ஆரணியையும் அதன் சுற்றுக் கிராமங்களையும்தான்.

அந்த ஆய்வு நடந்தபோது இந்தப் பகுதி வட ஆற்காடு மாவட்டம். திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989-ல். 1973-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு இங்கே வந்தது. குட்டை நெல் ரகங்களை உழவர்கள் எந்த அளவுக்கு ஏற்றுக்கொண்டார்கள் என்று இங்கேயும் இலங்கையின் அம்பாந்தோட்டையிலும் ஒருசேரப் பார்ப்பது திட்டம். குழுவில் ஒருவரான பார்பரா ஹாரிஸ் (பின்னாளில் ஹாரிஸ்-ஒயிட்) நெல் மூட்டையின் பின்னாலேயே போய் ஆரணிக் கடைவீதியில் இறங்கினார். அதன்பின் நாற்பது ஆண்டுகள் அந்த ஊரை அவர் விடவில்லை.

வயல் கடைவீதியை வளர்த்தது இப்படித்தான்: கிணற்றில் மின்மோட்டார் வந்தது, போகம் கூடியது. மோட்டார் எரிந்தால் காயில் கட்ட ஒரு கடை, உரத்துக்கு ஒரு கடை, மூட்டை ஏற்ற லாரி, அவசரக் கடனுக்கு அடகுக் கடை. அறுவடைப் பணம் கைக்கு வந்த வீடு சைக்கிளும் சேலையும் வாங்கியது. பொருளியல் அறிஞர்கள் பீட்டர் ஹேசலும் சி. ராமசாமியும் 1991-ல் வெளியிட்ட நூல் இதற்குக் கணக்குப் போட்டது: வேளாண்மையில் மதிப்பு ஒரு ரூபாய் கூடினால், அதே வட்டாரத்தின் மற்ற தொழில்களில் இன்னொரு 87 காசு கூடுகிறது.

எல்லாரும் ஒரேயடியாகப் பணக்காரர் ஆகிவிடவில்லை. ஹாரிஸ்-ஒயிட் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்: இங்கே கடைகள் பெருகுகின்றன, பெருப்பதில்லை. அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் ஒரு மண்டி இரண்டாகும். கணக்குப்பிள்ளை விலகிப் போய்த் தனிக்கடை போட்டால் மூன்றாகும். முதலாளி எண்ணிக்கை கூடும். கூலியாளுக்கு நியமனக் கடிதமோ பி.எஃபோ பெரும்பாலும் கிடையாது.

பட்டிலும் இதே கதைதான். ஓர் ஆரணிப் புடவைக்குள் முறுக்குப் பட்டறை, சாயப் பட்டறை, பாவு போடுகிறவர், நெசவாளி, சூரத்திலிருந்து வரும் ஜரிகை என்று பல கைகள் இருக்கின்றன. தறி நெசவாளி வீட்டில் இருக்கும். பட்டு நூலும் விலை வைக்கும் உரிமையும் புடவை முதலாளியிடம்.

அரிசி ஆலையைப் பார்த்தால் இழப்பும் தெரியும். ஊறவைத்து அவித்த நெல்லை ஆவி பறக்கக் களத்தில் கொட்டுவார்கள். வெயிலில் நின்று அதைப் பரப்பி, காலாலேயே கிளறிவிட்டு, ஈரம் போனதும் கூட்டி அள்ளியவர்கள் பெண்கள். உலர்த்தும் இயந்திரம் வந்த ஆலைகளில் களமும் தேவைப்படவில்லை, அந்தப் பெண்களின் வேலையும் தேவைப்படவில்லை. ஆலை நவீனமானதைக் கொண்டாடுகிறவர்கள் இந்தக் கணக்கைச் சேர்ப்பதே இல்லை.

இப்போது செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டையின் காலணித் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள். தொழிற்சாலைச் சம்பளம் வந்து இறங்கும் இடங்களில் ஆரணி, செய்யாறு, வந்தவாசிக் கடைவீதிகளும் உண்டு. தொழிற்சாலைப் பெண்ணுக்குச் சம்பளச் சீட்டு உண்டு. அவருக்குத் துணி எடுத்துப் போடும் கடைப் பெண்ணுக்கு மாதக் கூலி இன்னமும் முதலாளியின் வாய்ப்பேச்சில்தான் பெரும்பாலும் நிற்கிறது.