பவுஹவுஸ் நெசவுப் பட்டறை

ஜெர்மனியின் வைமார் நகரில் 1919-இல் தொடங்கிய பவுஹவுஸ் கலைப்பள்ளியின் ஒரு பிரிவு. பிற பட்டறைகளை நாடிவந்த பெண்கள் பலர் இங்கேயே திருப்பிவிடப்பட்டனர். அது அநீதிதான், ஆயினும் பள்ளியின் மிகச் சிறந்த படைப்புகள் சில இத்தறிகளில்தான் உருவாயின. மாணவியர் பாவு ஓட்டி, ஊடை கோத்து, நூலின் இயல்பை விரலால் அறிந்தனர். 1925-இல் பள்ளி டெசாவுக்கு மாறியது. அங்கு 1927 முதல் 1931 வரை பட்டறையை நடத்தியவர் குன்டா ஸ்டோல்ட்சல்.

மாணவி ஆனி ஆல்பர்ஸ் செல்லோபேன் இழை சேர்த்து, ஒலியை உறிஞ்சி ஒளியைப் பிரதிபலிக்கும் சுவர்த்துணி நெய்து, 1930-இல் பட்டயம் பெற்றார். 1933-இல் அமெரிக்கா சென்று, பிளாக் மவுண்டன் கல்லூரியில் இடுப்புத் தறியைக் கொண்டும் நெசவு கற்பித்தார். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1949-இல் அவருக்குத் தனிக் கண்காட்சி நடத்தியது. நெசவுக் கலைஞர் ஒருவருக்கு அங்கு நடந்த முதல் தனிக் கண்காட்சி அதுவே.