ஒரு பெயிண்ட்டரின் வசவு

உங்கள் காரின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் அந்தப் பளபள எழுத்துகளை எப்போதாவது பெயர்த்துப் பார்த்திருக்கிறீர்களா? செகண்ட் ஹாண்டில் வாங்கிய வண்டி. பழைய ஓனர் ஆசைப்பட்டு ஒட்டிய ஏதோ ஒரு சின்னம் உங்களுக்குப் பிடிக்கவில்லை. ‘இதென்ன பிரமாதம்!’ என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஒரு நெம்பு. எம்ப்ளம் ‘டக்’கென்று வந்துவிடுகிறது. கூடவே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு பெயிண்ட்டும்! மிச்சப் பசையோ பிசுபிசுவென்று, ‘நான் எங்கே போக?’ என்று உட்கார்ந்திருக்கிறது. அந்த நிமிஷம் உங்கள் வாயில் ஒரு வார்த்தை வருமே... பத்திரிகையில் அச்சடிக்க முடியாத வார்த்தை... 

அதே ரக வார்த்தைகள் 1923-ல், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், செயின்ட் பால் நகரத்துக் கார் பட்டறை ஒன்றில் பலமாகக் கேட்டன. உங்கள் மேஜை டிராயரில் கிடக்கிற கண்ணாடி டேப் வரைக்கும் வந்து சேரும் கதை, அந்த வசவிலிருந்துதான் கிளம்புகிறது.

அதற்கு முன்னால் கொஞ்சம் கலர் பார்த்துவிடுவோம். 1914-லிருந்து பத்துப் பதினோரு வருடம், ஃபோர்டின் மாடல்-டி கார் வாங்கப் போனால் கறுப்பு மட்டும்தான். மற்ற கம்பெனிக்காரர்கள் கலர் அடிக்காமல் இல்லை. ஆனால், அந்தக் கால வார்னிஷ் பெயிண்ட் பூச்சுப் பூச்சாக அடித்துக் காய்வதற்கு வாரக்கணக்கில் ஆகும். 1923-ல் டூபான்ட் கம்பெனியின் ‘டூகோ’ என்ற புது ரக லாக்கர் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார் அதைப் பூசிக்கொண்டு நீல நிறத்தில் ஜம்மென்று வந்து நின்றது. ஸ்ப்ரே பண்ணினால் சீக்கிரமே காய்ந்துவிடும். அப்புறம் கேட்கவேண்டுமா? ஒரு கலர் போதாது, இரண்டு வேண்டும் என்றார்கள் ஜனங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவே கத்தியால் கீறியது மாதிரி நேர்க்கோடு!

பார்க்க அழகு. அடிக்கிறவனுக்கு அவஸ்தை. முதல் கலரை அடித்து முடித்ததும் அதன்மேல் காகிதம் போட்டு மறைக்க வேண்டும். அப்புறம்தான் இரண்டாவது கலர். காகிதம் நிற்க வேண்டுமே? சிலர் செய்தித்தாளை வீட்டுப் பசை போட்டு ஒட்டினார்கள். சிலர் காயத்துக்குக் கட்டும் பிளாஸ்திரியை ஒட்டினார்கள். எல்லாம் நன்றாகவே ஒட்டியது. வேலை முடிந்து உரிக்கும்போதுதான் வினை! பசைக்கும் பெயிண்ட்டுக்கும் உள்ள பிடிப்பு, பெயிண்ட்டுக்கும் தகரத்துக்கும் உள்ள பிடிப்பைவிட அதிகமாகிவிட்டால், பாவம், பெயிண்ட் யார் பக்கம் போகும்? பசையோடு கிளம்பி வந்துவிடும். சரி, தின்னர் போட்டுப் பசையைக் கரைக்கலாம் என்றால், லாக்கரும் அதே தின்னரில் கரைகிற வஸ்து. திரும்ப உப்புத்தாள், திரும்ப முதல் கலர். பகல் பூரா உழைத்த பெயிண்ட்டர் திட்டாமல் என்ன செய்வார்?

அவர் திட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு இளைஞன் நின்றிருந்தான். வயது 24. பெயர் ரிச்சர்ட் ட்ரூ. டான்ஸ் ஹால்களில் பாஞ்ஜோ வாசித்துக் கிடைத்த காசில் இன்ஜினீயரிங் படிக்கப் போய், பாதியிலேயே கல்லூரியை விட்ட பையன். தபால் மூலம் மெஷின் டிசைன் படித்துக்கொண்டு, ‘மினசோட்டா மைனிங் அண்ட் மேனுஃபாக்ச்சரிங்’ கம்பெனியின் லேபில் எடுபிடியாகச் சேர்ந்திருந்தான். சுருக்கமாகச் சொன்னால் உங்களுக்குத் தெரியும் - 3எம்! அன்றைக்கு அந்தக் கம்பெனி விற்றது உப்புத்தாள். (1902-ல் உப்புத்தாளுக்கான கடினமான கனிமம் கிடைக்கும் என்று சுரங்கம் ஆரம்பித்து, தோண்டியது வேறு கல் என்று தெரிந்து விழித்தவர்கள் அவர்கள். அது தனிக் கதை.) தண்ணீர் விட்டுத் தேய்க்கும் புது உப்புத்தாளை டெஸ்ட் பண்ணிப் பார்க்கச் சொல்லித்தான் பட்டறைக்கு வந்திருந்தான் ட்ரூ.

வந்த வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருக்கலாம். பையன் வாயை விட்டுவிட்டான். ‘பெயிண்ட் உரியாத டேப் ஒன்றை நான் செய்து தருகிறேன்!’

டேப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால், உப்புத்தாள் என்பது என்ன? காகிதம், அதன்மேல் பசை, அதன்மேல் மணல் மாதிரித் துகள். துகளை விட்டுவிட்டால் மிச்சம் இருப்பது டேப்தானே! இந்தக் கணக்குச் சரி. கஷ்டம் வேறு இடத்தில். ஒட்டுகிற பசை செய்வது சுலபம். ஒட்டிவிட்டு, சொன்னபோது சமர்த்தாகக் கழன்று வருகிற பசை? தாவர எண்ணெய்கள், விதவிதமான பிசின்கள், சூயிங் கம் செய்கிற மரப்பால் என்று கண்டதையும் கலக்கிப் பார்த்தான் ட்ரூ. மாதங்கள் ஓடின. கம்பெனியின் பெரிய தலை வில்லியம் மெக்நைட் கூப்பிட்டு, ‘போதும் தம்பி, உப்புத்தாள் வேலையைப் பார்’ என்றார். பார்த்தான். ஆனால், டேப் வேலையையும் விடவில்லை. மெக்நைட் இன்னொரு தடவை லேபுக்கு வந்தபோது கையும் பசையுமாகத்தான் மாட்டிக்கொண்டான். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். எனக்கென்னவோ இந்தக் கதையில் அந்த மௌனம்தான் பெரிய முதலீடாகத் தெரிகிறது.

டேப் தயாரிக்க மெஷின் கேட்டபோது மட்டும் ‘முடியாது’ என்றார் முதலாளி. ட்ரூவுக்குத் தன் கையெழுத்தில் 100 டாலர் வரை செலவு செய்ய அதிகாரம் உண்டு. என்ன பண்ணினான் தெரியுமா? 99 டாலர், 99 டாலர் என்று தனித்தனி ஆர்டராகப் போட்டு, மெஷினைத் துண்டு துண்டாக வாங்கிவிட்டான் என்று 3எம்-மில் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள்.

1925-ல் டேப் பிறந்தது. தச்சர்கள் பலகை ஒட்டுவார்களே வஜ்ரம், அதில் கிளிசரின் சேர்த்த பசை. கிளிசரின் இருப்பதால் காய்ந்து இறுகிவிடாது. அடியில் சுருக்கம் சுருக்கமான க்ரேப் காகிதம். மட்கார்டு வளைவில் ஒட்டினால் அதுவும் வளைந்து கொடுக்கும். இழுத்தால் கொஞ்சம் நீண்டு, கிழியாமல் வரும். பழுப்பு நிறம், இரண்டு அங்குல அகலம். இன்றைக்கும் எந்தப் பட்டறையிலும் தொங்குகிறதே ‘மாஸ்கிங் டேப்’, அதேதான்!

முதலில் கொடுத்த சாம்பிளில் பசையை இரு ஓரங்களில் மட்டும் தடவியிருந்தார்களாம். காகிதத்தின் கனம் தாங்காமல் விழுந்துவிட்டது. ‘இதை எடுத்துக்கொண்டு போய் உன் ஸ்காட்ச் முதலாளிகிட்டே கொடு. பசையை இன்னும் கொஞ்சம் தாராளமாகத் தடவச் சொல்லு!’ என்று ஒரு பெயிண்ட்டர் எரிந்து விழுந்தார் என்பது கதை. ஸ்காட்லாந்துக்காரர்கள் கஞ்சர்கள் என்று அந்தக் காலத்தில் ஒரு மட்டமான கிண்டல் இருந்தது. வைத வார்த்தையையே பிராண்டாக்கிவிட்டார்கள் - ‘ஸ்காட்ச்’ டேப். நான் படித்த எதிலும் அந்தப் பெயிண்ட்டரின் பெயர் இல்லை.

அதற்கப்புறம் ட்ரூவின் கை சும்மா இருக்கவில்லை. செல்லோஃபேன் காகிதத்தில் பசை தடவப்போய், 1930 செப்டம்பரில் சிகாகோவிலுள்ள பேக்கிங் கம்பெனி ஒன்றுக்குக் கண்ணாடி டேப்பின் முதல் ரோல் போனது. அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி நேரம். புதிது வாங்க வழியில்லாத ஜனங்கள் கிழிந்த புத்தகம், திரைச்சீலை, ரூபாய் நோட்டு மாதிரி டாலர் நோட்டு, எல்லாவற்றையும் அதை வைத்து ஒட்டிக்கொண்டார்கள்.

ட்ரூ 1980 டிசம்பரில் இறந்துபோனார். வேடிக்கையைப் பாருங்கள், அதே 1980-ல்தான் 3எம் இன்னொரு டேப்பைக் கொண்டுவந்தது. இரண்டு பக்கமும் ஒட்டும், பஞ்சு மாதிரி அமுங்கும், ஒட்டினால் லேசில் விடாத அக்ரிலிக் டேப். முன்பெல்லாம் எம்ப்ளத்துக்குப் பின்னால் ஆணி மாதிரிக் கம்பிகள் இருக்கும். பாடியில் ஓட்டை போட்டுச் செருகுவார்கள். அதன்பிறகு இந்த மாதிரி டேப்புகள்தான் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. ஆக, பெயிண்ட்டை விட்டு நல்லபடியாகக் கழலும் டேப்பில் தொடங்கிய கம்பெனி, கழலவே கழலாத டேப்பில் வந்து நின்றது!

சரி, உங்கள் கார்? ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வையுங்கள். தலைமுடி உலர்த்துகிற டிரையரால் எம்ப்ளத்தை நிதானமாகச் சூடு காட்டுங்கள். கை பொறுக்கும் சூடு போதும், பசை இளகும். மீன் பிடிக்கிற நைலான் நூலைப் பின்னால் விட்டு, ரம்பம் மாதிரி இப்படியும் அப்படியும் இழுங்கள். மிச்சப் பசையைக் கட்டைவிரலால் உருட்டி எடுங்கள். அப்புறமும் இருக்கிற பிசுக்குக்குத் துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய், உடனே சோப்புத் தண்ணீர். தின்னர் பக்கம் போகாதீர்கள், முக்கியமாக ரீ-பெயிண்ட் பண்ணிய வண்டியில்.

பழைய வண்டி என்றால் ஒன்று பாக்கியிருக்கும். சுற்றியுள்ள பெயிண்ட் வெயிலில் வெளுத்திருக்கும், எம்ப்ளத்துக்கு அடியில் வெளுத்திருக்காது. எடுத்த பிறகும் அந்த எழுத்து, நிழல் மாதிரி அங்கேயே தெரியும். பாலிஷ் போட்டால் கொஞ்சம் மங்கும்.