முன்வரிசை மூவரும் அர்ஜுனா விருதும்



நம் வில்லியனூர் கொம்யூனிலுள்ள கீழூரில் 1954 அக்டோபர் 18-ஆம் நாள் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்ததையும், அவர்களில் 170 பேர் இந்தியாவோடு இணைய இசைந்ததையும் நீங்கள் அறிவீர்கள். ஆனால் சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நிறைவேறியது. அந்த இடைக்காலத்தில், 1960 ஆகஸ்ட் 29 அன்று, ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவும் பிரான்சும் கால்பந்தாட்டத்தில் மோதின. நடைமுறையில் ஒரு நாட்டுக்கும் ஏட்டளவில் மற்றொரு நாட்டுக்கும் உரியவர்களாயிருந்த நம் பாட்டன்மார் எந்தப் பக்கம் கைதட்டியிருப்பார்களோ! அணித்தலைவர் பி.கே. பானர்ஜி நமக்காக ஒரு கோல் அடித்தார்; பிரான்ஸ் பின்னர் அதைச் சமன் செய்தது.

மறு ஆண்டு இந்திய அரசு அர்ஜுனா விருதை ஏற்படுத்தியது. கால்பந்துக்கு 1961-இல் அதைப் பெற்றவர் அதே பானர்ஜி. 1962-க்குத் துளசிதாஸ் பலராம். 1963-க்குச் சுனி கோஸ்வாமி. மூவரும் முன்வரிசைக்காரர்கள், கோல் அடிப்பதே தொழிலாகக் கொண்டவர்கள். ஆயினும் இவ்விருதுக்குத் தொடர்ந்த ஆட்டத்திறன் மட்டும் போதாது. தலைமைப் பண்பும், விளையாட்டில் நேர்மையும், ஒழுங்கும் வேண்டும் என்று அதன் விதிகள் கேட்கின்றன. கோலை எண்ணிவிடலாம். நேர்மையை எப்படி எண்ணுவது?

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இஸ்ரேலும் தைவானும் விலக்கப்பட்டதை இந்திய அதிகாரி ஒருவர் எதிர்த்ததால் அந்நகர மக்கள் நம்மேல் கடுங்கோபம் கொண்டிருந்தனர். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 எனத் தோற்றோம். பின்காவலர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம், தையல் போட்டிருந்தது. பயிற்சியாளர் ரஹீம் அவரை முன்வரிசைக்கு மாற்றினார். செப்டம்பர் 4 அன்று நடந்த இறுதியாட்டத்தில், ஏளனக் கூச்சலின் நடுவே, அதே தென்கொரியாவை 2-1 என வென்றோம். பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. கோஸ்வாமி அணித்தலைவராயிருந்தார். பலராமும் களத்தில் இருந்தார். கோல் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவ்வாண்டின் கால்பந்து அர்ஜுனா விருது அவருக்கே சென்றது என்பதை நான் மீண்டும் மீண்டும் நினைத்துப் பார்க்கிறேன்.

பலராம் செகந்திராபாத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். நடு முன்வரிசையோ இடது ஓரமோ, அணிக்கு எங்கே தேவையோ அங்கே ஆடினார். நுரையீரல் நோய் அவருடைய ஆட்டத்தை முப்பது வயதுக்கு முன்பே முடித்தது. கோஸ்வாமிக்கும் பானர்ஜிக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது, பலராமுக்குக் கிடைக்கவில்லை. அது அநீதி என்றே நான் கருதுகிறேன். மற்ற இருவரும் 2020-இல் ஆறு வார இடைவெளிக்குள் மறைந்தார்கள். 2023 பிப்ரவரி 16 அன்று பலராமும் கொல்கத்தாவில் மறைந்தார்.

இதை இவ்வாரம் எழுதக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு அறுவடை முடிந்த வயலில் நம் வாலிபர்கள் பந்தாடியபோது, ஒரு பையன் நடுவரிடம் ஓடி, “பந்து என் கையில் பட்டுத்தான் உள்ளே போனது, ஐயா” என்றான். கோல் செல்லாமற்போனது, அவன் அணி தோற்றது. அன்று மாலை அதிகக் கோல் அடித்தவனுக்குக் கோப்பையை என் கையாலேயே கொடுத்தேன். இவன் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு பாகூர்ச் சாலையில் போனான். ஒரு வார்த்தை பாராட்டக்கூட எனக்கு அன்று தோன்றவில்லை.

இவ்வாண்டு இரண்டாவது கோப்பை ஒன்று வாங்கியிருக்கிறோம். அதில் என்ன பொறிப்பது என்று வாலிபர்கள் என்னைக் கேட்கிறார்கள். யாருக்குக் கொடுப்பது என்பதை இரு அணிப் பிள்ளைகளே சீட்டெழுதிச் சொல்லட்டும் என்பது என் யோசனை. எதிரணிக்காரனுக்கே ஒவ்வொருவரும் எழுத வேண்டும். உங்கள் எண்ணத்தை ஞாயிறு ஆராதனைக்குப் பின் என்னிடம் சொல்லுங்கள். எழுத்துப் பொறிப்பவர் திங்கட்கிழமை வருகிறார்.