காப்புரிமை செதுக்கிய துப்பாக்கி: தொடர்ந்து சுடும் ஷாட்கன்னின் தொடக்க காலம்

இரட்டைக்குழல் துப்பாக்கி இரண்டு முறைதான் வெடிக்கும். பிறகு அதை மடக்கித் திறந்து, வெற்றுத் தோட்டாவை நீக்கி, புதியதைப் போட வேண்டும். இந்தத் தடையைக் கடந்த கதை பொறியியல் வெற்றிகளின் வரிசையாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. காப்புரிமைகளைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால், துப்பாக்கியின் வடிவத்தைத் தீர்மானித்ததில் வழக்கறிஞர்களுக்கும் கணிசமான பங்கு இருந்தது தெரிகிறது.

முதல் முயற்சிகள் சுழல் உருளையை நம்பின. கோல்ட் நிறுவனம் 1839இலேயே அத்தகைய ஷாட்கன்னைச் செய்தது. 1866இல் சில்வெஸ்டர் ரோப்பர் வேறொரு சுழலும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். (நீராவியில் ஓடும் இருசக்கர வண்டியைச் செய்தவரும் இவரே, 1896இல் அதை ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் இறந்தார்.) சந்தையில் நிலைத்த பாதையை ரோப்பரும், அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத் துப்பாக்கியால் புகழ்பெற்ற கிறிஸ்டோபர் ஸ்பென்சரும் 1882இல் திறந்தனர். குழலுக்குக் கீழே ஒரு குழாயில் தோட்டாக்கள் வரிசையாக இருக்கும். முன்கைப்பிடியை இழுத்துத் தள்ளினால் வெற்றுத் தோட்டா வெளியேறி அடுத்தது ஏறும். துப்பாக்கி நன்றாக இருந்தது, அதைத் தயாரித்த நிறுவனமோ நொடித்தது. 1890இல் அதன் உரிமைகளை நியூயார்க்கில் பழைய போர்த்தளவாடங்களை விற்றுவந்த பிரான்சிஸ் பானர்மன் வாங்கினார்.

இதற்கிடையில் ஜான் பிரவுனிங் வின்செஸ்டர் நிறுவனத்துக்காக வடிவமைத்த ஷாட்கன் 1887இல் வெளிவந்தது. அதை லீவரால் இயக்க வேண்டும். முன்கைப்பிடியை இழுத்துத் தள்ளும் பம்ப் அமைப்பே மேல் என்று அவர் கருதியும், வின்செஸ்டர் என்றாலே லீவர் என்ற பெயரை விட நிறுவனம் தயங்கியது. பிறகு அவருடைய பம்ப் வடிவமும் 1893 மாடலாக வந்தது. தான் வாங்கிய உரிமைகளை அது மீறுவதாகப் பானர்மன் உடனே வழக்குத் தொடுத்தார்.

வின்செஸ்டர் தந்த பதில்தான் சுவையானது. ஐரோப்பாவுக்கு ஆள் அனுப்பிப் பழைய காப்புரிமைப் பதிவுகளைத் துருவச் செய்தது. பிரிட்டனில் அலெக்சாண்டர் பெய்ன் 1854இலும், கர்ட்டிஸ், குருட்ஷ் ஆகியோர் 1866இலும், பிரான்சில் மகோ 1880இலும் பெற்ற உரிமைகள் கிடைத்தன. காகிதத்தில் மட்டும் இருந்த சில வடிவங்களைத் தன் பட்டறையிலேயே செய்து, அவை இயங்கும் என்றும் காட்டியது. கைப்பிடியை இழுத்துத் தள்ளும் கருத்தே ஸ்பென்சருக்கு முந்தியது என்றால், அதன்மேல் முழு உரிமை கோர முடியாது. பானர்மன் தோற்றார். புகையில்லா வெடிமருந்தின் அழுத்தத்துக்கு 1893 மாடல் ஏற்றதாக இல்லாததால், அதை வலுப்படுத்தி வின்செஸ்டர் கொண்டுவந்த 1897 மாடல் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

அடுத்த முறை அதே சட்டம் வின்செஸ்டரையே திருப்பி அடித்தது. பின்னுதைப்பின் விசையால் தானே அடுத்த தோட்டாவை ஏற்றும் ஷாட்கன்னுக்கு 1900இல் பிரவுனிங் காப்புரிமை பெற்றார். வழக்கமான ஒரே தொகைக்குப் பதில், விற்கும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பங்கு கேட்டார், வின்செஸ்டர் மறுத்தது. ரெமிங்டன் நிறுவனத்திடம் போனார், அவர் காத்திருந்த வேளையில் அதன் தலைவர் மார்செலஸ் ஹார்ட்லி மாரடைப்பில் இறந்துபோனார். கடைசியில் பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் அதை ஏற்றது.

வின்செஸ்டரும் பின்னர் அத்தகைய துப்பாக்கியை விரும்பியது. ஆனால் பிரவுனிங்கின் காப்புரிமையை எழுதியவர்கள் வின்செஸ்டரின் சொந்த வழக்கறிஞர்களே. ஓட்டையே வைக்காமல் எழுதியிருந்தார்கள். போல்ட்டை இழுக்கும் சிறு கைப்பிடிகூட அதில் அடங்கிவிட்டது. எனவே வடிவமைப்பாளர் டி.சி. ஜான்சன், 1911 மாடலில் குழலையே பிடித்துப் பின்னால் தள்ளும்படி செய்து, பிடிப்புக்காக அதன்மேல் சொரசொரப்பான வரிகளை இட்டார். ஈரத்தில் ஊதிய காகிதத் தோட்டா சிக்கினால், அடிக்கட்டையைத் தரையில் ஊன்றிக் குழலைக் கீழ்நோக்கி அமுக்குவார்கள். குழல்வாய் முகத்துக்கு நேரே இருக்கும். அதற்கு 'விதவையாக்கி' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. ஜான்சனின் திறமையில் குறையில்லை என்றே நினைக்கிறேன்: அடுத்த ஆண்டே அவர் வடிவமைத்த பம்ப் ஷாட்கன், 1912 மாடல், அரை நூற்றாண்டு தாண்டித் தயாரிப்பில் இருந்தது.

இத்தாக்கா நிறுவனம் காப்புரிமைகளோடு மோதவே இல்லை. பிரவுனிங் உருவாக்கி ஜான் பெடர்சன் செம்மைப்படுத்திய ரெமிங்டன் 17 என்ற பம்ப் ஷாட்கன்னின் உரிமைகள் காலாவதியாகும்வரை பொறுத்திருந்து, 1937இல் தன் பம்ப் ஷாட்கன்னை விற்பனைக்கு விட்டது. அதற்கு மாடல் 37 என்று பெயர்.