துள்ளலுக்கு அடியில் ஓர் ஒப்பாரி

2021 மார்ச்சில் ‘எஞ்சாய் எஞ்சாமி’ வந்தபோது நீங்களும் ஆடியிருப்பீர்கள். சரி, தாளமாவது போட்டிருப்பீர்கள்! தீயும் அறிவும் பாடிய ஹிப்ஹாப் பாட்டு. செல்போனைத் திறந்தால் குழந்தை முதல் கிழவி வரை அதற்குத்தான் ஆட்டம். ஆனால், அந்தத் துள்ளலுக்கு அடியில் இருப்பது ஒப்பாரி! இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து பிறந்தது என்று அறிவே சொல்லியிருக்கிறார்.

சேலம், நாமக்கல் வாசகர்களே, இது உங்க ஊர்க் கதையும்தான். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் படுமோசமாக அடிபட்டது சேலம் ஜில்லா (நாமக்கல் அப்போது அதற்குள் அடக்கம்). கஞ்சிக்கு வழியில்லாத சனம் கங்காணி பின்னால் கிளம்பியது. கடற்கரை வரை நடை, அப்புறம் தோணி, மன்னாரில் இறங்கி மலைக்குக் காட்டுவழியே மறுபடி நடை. காலராவில் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம்!

பிழைத்தவர்கள் காட்டைத் தோட்டமாக்கினார்கள். கைம்மாறு? 1948 குடியுரிமைச் சட்டம் லட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் பாகம் பிரித்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மிச்சம் 1,50,000 பேரை ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டுவிட்டார்கள். ஏதோ தேயிலை மூட்டை மாதிரி!

அங்கே ‘இந்தியாக்காரன்’ எனப்பட்டவர்கள் இங்கே திரும்பி வந்ததும் என்ன பெயர் வைத்தோம் தெரியுமா? ‘சிலோன்காரங்க’!