அமெரிக்கப் பாதுகாப்பு அனுமதி: பழைய போதைப்பாவனை எவ்வளவு தடை?

அமெரிக்காவில் அரச இரகசியங்களைக் கையாளும் வேலைக்குப் போகிறவர் பூரணப்படுத்த வேண்டிய படிவம் எஸ்.எப். 86. அதன் 23ஆம் பிரிவு போதைப்பொருள் பற்றியது. கடந்த ஏழு ஆண்டுகளில் சட்டவிரோதமாக எதையாவது பாவித்தீர்களா என்று அது கேட்கிறது. ஏற்கெனவே பாதுகாப்பு அனுமதி பெற்றிருந்த காலத்தில் பாவித்திருந்தால் இந்த ஏழு ஆண்டு எல்லை கிடையாது. எப்போது நடந்திருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

'ஆம்' என்று எழுதினாலே எல்லாம் முடிந்தது என்பது பரவலான எண்ணம். விதிகள் அப்படிச் சொல்லவில்லை. 2017 ஜூன் 8 முதல் நடைமுறையிலுள்ள நான்காம் இலக்கப் பணிப்புரை 13 வழிகாட்டல்களின் கீழ் ஒருவரை எடைபோடுகிறது. போதைப்பொருள் அவற்றில் ஒன்று. எவ்வளவு காலத்துக்கு முன், எத்தனை தடவை, எந்தச் சூழலில் பாவித்தார், அந்தக் கூட்டாளிகளை விட்டு விலகிவிட்டாரா என்றெல்லாம் பார்ப்பார்கள். இனித் தொடமாட்டேன், தொட்டால் அனுமதியை இரத்துச் செய்யலாம் என்று கையெழுத்திட்டுக் கொடுப்பதும் சாதகமாக எடுக்கப்படும். இத்தனை ஆண்டு கழிந்தால் போதும் என்ற நிலையான கணக்கு அதில் இல்லை. அதிகாரியின் மதிப்பீட்டுக்கு இவ்வளவு இடம் விட்டிருப்பது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

இப்போதும் பாவிப்பவர்களுக்குக் கதை வேறு. 2008இல் நிறைவேறிய 'பொண்ட் திருத்தம்', தற்போது சட்டவிரோதமாகப் பாவிப்பவருக்கும் அடிமையானவருக்கும் அனுமதி வழங்குவதைத் தடுக்கிறது.

குழப்பமெல்லாம் கஞ்சாவில்தான். கலிபோர்னியாவில் வயதுவந்தவர் கடையில் வாங்கிப் புகைக்கலாம். ஆனால் அனுமதி தருவது மாநிலமல்ல, சமஷ்டி அரசு. அதன் கண்ணில் பொழுதுபோக்குக்காகக் கஞ்சா புகைப்பது சட்டவிரோதமே. 2021 டிசம்பரில் தேசிய புலனாய்வுப் பணிப்பாளர் விடுத்த விளக்கம், பழைய கஞ்சாப் பாவனை கவனத்தில் எடுக்கப்படும், ஆனால் அது மட்டுமே முடிவைத் தீர்மானிக்காது என்றது. கஞ்சாக் கம்பனிப் பங்குகளைத் தெரிந்தே வாங்குவதும் விசாரணைக்கு உரியதாகலாம் என்றும் அது எச்சரித்தது. இதைப் பலர் கவனிப்பதில்லை.

வேலைக்கான விதி வேறு, அனுமதிக்கான விதி வேறு என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். உதாரணமாக, எப்.பி.ஐ. தன் விண்ணப்பதாரிகள் கஞ்சாவை விட்டு ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும் என்று தனியாக நிபந்தனை வைத்திருக்கிறது.

என் பார்வையில், படிவத்தில் மறைப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. தெரிந்தே பொய் சொல்வது ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அதோடு 'தனிப்பட்ட நடத்தை' என்ற இன்னொரு வழிகாட்டலின் கீழும் அவர் சிக்குவார். ஒருகாலத்துப் புகை காலத்தோடு மங்கலாம். பொய் நம்பகத்தன்மையையே கேள்வியாக்கிவிடும். 23ஆம் பிரிவில் உண்மையாகத் தரும் பதில்கள், பின்னர் குற்றவியல் வழக்கில் அவருக்கு எதிரான சாட்சியமாகப் பயன்படுத்தப்படமாட்டா என்று படிவமே உறுதி தருகிறது.

பாதுகாப்புத் திணைக்கள ஒப்பந்தக் கம்பனி ஊழியர்களின் மேன்முறையீட்டுத் தீர்ப்புகள் பெயர் நீக்கி இணையத்தில் வெளியாகின்றன. விண்ணப்பிக்க நினைப்பவர், தன் நிலையை ஒத்த சிலவற்றையாவது அங்கே தேடி வாசிக்கலாம்.